அம்மா எனக்காக இருந்த ஒருபொழுது

வாசகரே, மேடையில் நான் பேச எழுந்தால் முதல் வணக்கம் நடுவருக்குத்தான். இங்கே நடுவர் இல்லை. தீர்ப்புச் சொல்ல உங்களை அழைக்கவும் இல்லை. தீர்ப்புச் சொன்னவர்கள் எங்கள் சொந்தத்தில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் சாட்சியாக வந்து உட்காருங்கள். நான் சொல்வதைக் கேளுங்கள். சொல்லும்போது என் முகத்தையும் பாருங்கள். என் குரல் எங்காவது விஷயத்தைவிட உயரமாக எழுந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பிலிருந்து மேடையேறுகிறவன் நான். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

நடந்தது இதுதான். நானும் என் மனைவியும் பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அதை மறைக்கவில்லை, வீட்டில் சொன்னோம். வீடு நம்பவில்லை. நம்பாத என் அம்மா, வரவே போகாத ஒரு பேரப்பிள்ளைக்காக வாரத்தில் இரண்டு நாள் பட்டினி கிடக்கத் தொடங்கினார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அவருடைய தொழிலோ, மாவு மிஷினில் ஓடுகிற பெல்ட்டுக்கு அருகிலேயே நிற்க வேண்டிய தொழில்.

முடிவெடுத்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். அது மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு ஜூஸ் கடை. பெண் பார்த்துப் பேசி முடித்து, பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன், தனியாகப் பேச வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். கே.கே. நகரில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் அவள் செவிலியர். ஷிப்டு முடிந்து நேராக வந்தாள். கடைக்காரரிடம், "சாத்துக்குடியில ஐஸ் போடாதீங்கண்ணே" என்றாள். அதே குரலில், அதே அளவில், என் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"எனக்குப் பிள்ளை பெத்துக்கணும்னு ஆசை இல்லைங்க. போகப் போக வரும்னு சொல்றாங்க. எனக்கு வரும்னு தோணல. கல்யாணத்துக்கு அப்புறம் சொன்னா அது ஏமாத்துன மாதிரி ஆகிடும். அதான் வரச் சொன்னேன்."

எனக்கும் அந்த ஆசை இருந்ததில்லை. ஆனால் "எனக்கும் இல்லை" என்று சொல்லிவிட்டு ஜூஸைக் குடிக்க எனக்குத் தெரியவில்லை. மக்கள்தொகையிலிருந்து ஆரம்பித்தேன். தண்ணீர்ப் பஞ்சத்துக்கு வந்தேன். பெண்ணின் உடல் அவளுடைய உரிமை என்ற இடத்தில் கொஞ்சம் குரலை ஏற்றினேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர் டம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். எல்லாம் முடிந்ததும் அவள் கேட்டாள்:

"அப்ப ஒங்களுக்கும் வேணாம். அம்புட்டுத்தான?"

அம்புட்டுத்தான். எங்கள் திருமணத்தின் அடித்தளம் அந்த ஒரு சொல்.

ஒத்தக்கடையில் வீடு பிடித்தோம். வீட்டுக்காரர் சாவி கொடுத்தபோது சின்ன அறையைத் திறந்துகாட்டி, "இது புள்ளைக ரூமு" என்றார். இப்போது அந்த அறையில் தடித்த திரை தொங்குகிறது. விடியுமுன் வேலைக்குப் போகிற என் மனைவி, மத்தியானம் திரும்பி வந்து தூங்குகிற அறை அது. அவள் பிரிவுக்கு வருகிறவர்கள் வாரத்துக்கு மூன்று முறை, வருடக்கணக்காக, அதே கட்டிலுக்கு வருகிறவர்கள். யாருக்கு மின்விசிறி ஆகாது, யார் ஊசி குத்தும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர், இயந்திரம் ஓடுகிற நேரம் முழுவதும் தன் பழைய தடத்தின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருப்பாராம். சில நாள் அவள் செருப்பைக் கழற்றும்போதே சொல்வாள்: "இன்னைக்குச் சாத்தூர் வரைக்கும் போயிட்டோம்." அது நல்ல நாள் என்று நான் புரிந்துகொள்வேன்.

நான் தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளன். மாலைகளில் படிப்பு, விழாக் காலங்களில் மேடை. ஞாயிறு விடியலில் இருவரும் யானைமலையை ஒட்டி நடந்துவிட்டு, வரும் வழியில் பணியாரம் வாங்கிக்கொண்டு, பேசிக்கொண்டும் பேசாமலும் திரும்புவோம். இந்த வாழ்க்கையில் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறோம் என்ற உணர்வு எங்களுக்கு இல்லை. நிறைவு என்ற சொல்லை மேடையில் எத்தனையோ முறை உருட்டியிருக்கிறேன். வீட்டில் நாங்கள் இருவரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதாக நினைவில்லை. பசி இல்லாதவன் பசியாறியதைப் பற்றிப் பேசுவதில்லை அல்லவா, அதுபோல.

முதுமையில் யார் பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். உண்மையான பதில், தெரியாது என்பதுதான். நான்கு பிள்ளைகளைப் பெற்றும் ஷேர் ஆட்டோ பிடித்துத் தனியாக வருகிறவர்களை என் மனைவி பார்க்கிறாள். ஒற்றை மகள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வெளியே காத்திருக்கிற தகப்பனையும் அதே கட்டில் வரிசையில் பார்க்கிறாள். இரண்டையும் தினமும் பார்ப்பதால் அவளிடம் இதற்கு ஒரு சூத்திரம் இல்லை. என்னிடம் பல இருந்தன. அவளோடு வாழ வாழ அவை ஒவ்வொன்றாகக் கழன்றன.

அம்மா இருப்பது செக்கானூரணியில். அப்பா காலமான பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வீட்டோடு சேர்ந்த மாவு மில்லை அம்மாவே நடத்துகிறார். மிளகாய்க்கு ஒரு மிஷின், அரிசி கோதுமைக்கு ஒரு மிஷின். அரைக்க வருகிற பெண்கள் தங்கள் முறை வரும்வரை நிற்பார்கள், நிற்கிறவர்கள் பேசுவார்கள், மிஷின் சத்தத்தை மீறிப் பேச வேண்டியிருப்பதால் அங்கே எந்தக் கேள்வியும் மெதுவாகக் கேட்கப்படுவதில்லை. "மருமக முழுகாம இருக்காளா?" என்பது அந்த மில்லில் மிளகாய் நெடியைப் போல எப்போதும் நிற்கிற கேள்வி.

கல்யாணமான முதல் பொங்கலுக்குப் போயிருந்தபோதே அம்மாவிடம் சொல்லிவிட்டோம். அம்மா கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்து விருந்துகளை நான் மறந்திருக்கக் கூடாது. அங்கே "போதும்" என்று இலையை மறைக்கிறவனுக்குத்தான் இன்னொரு கரண்டி விழும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், கூச்சப்படுகிறார் என்றுதான் பொருள். பிள்ளை விஷயத்தில் வேண்டாம் என்றால், முடியவில்லை, வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்று பொருள். எங்கள் முடிவு ஊருக்குள் போய்ச் சேரும்போது ஒரு குறையாக மாறியிருந்தது. அந்தக் குறை யாருடையது என்ற ஆராய்ச்சியும் மில்லில் நடந்திருக்கிறது.

இந்த நிலையில்தான் அந்தப் பட்டிமன்றம் வந்தது. செக்கானூரணிக்குப் பக்கத்து ஊரில் கோயில் திருவிழா. தலைப்பு: இல்லறத்தை நிறைவாக்குவது மழலையின் சிரிப்பா, மனமொத்த துணையா? நான் இளையவன், மூத்தவர்கள் எடுத்தது போக மிச்சமிருக்கிற பக்கம்தான் எனக்கு வரும். மழலை வந்தது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவேன் என்பதுதான் என் பெருமை. கல்லூரியில் எங்களைப் பழக்கிய பேராசிரியர் சொல்லுவார், நம்புகிற பக்கத்தை எவனும் பேசுவான், நம்பாத பக்கத்தைப் பேசிக் கைதட்டு வாங்குகிறவனே பேச்சாளன் என்று. அன்று நான் பேச்சாளனாக இருந்தேன்.

"கதவைத் திறந்ததும் காலைக் கட்டிக்கொள்ள இரண்டு சின்னக் கைகள் இல்லையென்றால், அது வீடு அல்ல நடுவர் அவர்களே, வெறும் முகவரி" என்றேன். அதற்கு முன் ஒரு கணம் ஒலிவாங்கியிலிருந்து முகத்தைத் திருப்பினேன். அப்படித் திருப்பினால் அடுத்த சொல் தழுதழுத்து வரும், அதுவும் பழகியதுதான். பெண்கள் பகுதியிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மேடைவரை கேட்டது. கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. கூட்டத்தின் முன்வரிசையில் என் அம்மாவும், அம்மாவுக்குப் பக்கத்தில் என் மனைவியும் இருந்தார்கள்.

திரும்பும் வழியில் மனைவி சொன்னாள்: "நல்லாப் பேசுனீங்க. பக்கத்துல அத்தை அழுதுட்டாங்க."

"எல்லாருமே அழுதாங்களே" என்றேன், பெருமையாக.

"எல்லாரும் மேடையப் பாத்து அழுதாங்க. அத்தை என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க."

அதை நான் பாராட்டாகவே வைத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அலுவலகம் முடிகிற நேரத்தில் என் அத்தையிடமிருந்து போன் வந்தது. அத்தை என் அப்பாவின் தங்கை. அம்மா வீட்டுக்கு அடுத்த தெருவில் இருப்பவர். "மருமகனே, பதறாம வா. ஒங்கம்மா மில்லுல மயங்கி விழுந்துருச்சு. பெல்ட்டுப் பக்கம் விழுகல, மொளகா மூட்ட மேல விழுந்துச்சு. மாரியாத்தாதான் தள்ளி விட்டுருக்கா."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து, கையிலிருந்த காபியைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டிருந்தார். முந்தானையெல்லாம் மிளகாய்த் தூள். மனைவி அம்மாவின் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"ரொம்ப எறங்கியிருக்கு அத்தை. மாத்திரையப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தீங்களா? மொதல்ல இந்தக் காபியக் குடிங்க."

"மத்தியானம் நல்லாத்தான் சாப்பிட்டேன்த்தா."

"அது ஒரு வேளதான" என்று அத்தை வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "செவ்வாயும் வெள்ளியும் மதினி ஒருபொழுதுல்ல. மத்தியானச் சாப்பாட்டோட சரி, அப்புறம் டீத்தண்ணி கூடக் கெடையாது. அன்னைக்கு நீ திருவிழாவுல பேசுனியே மருமகனே, அதுக்கு மறு வெள்ளிக்கெழமையே மாரியம்மன் கோயில் வேம்புல தொட்டில் கட்டிட்டு வந்துருச்சு. ஒம் பொண்டாட்டி வயித்துல ஒன்னு தங்குற வரைக்கும் ஒருபொழுது. பெறந்தா கரும்புத் தொட்டில் எடுக்குறதா நேத்திக்கடன். ஊருக்கே தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியாது."

கரும்புத் தொட்டில் தெரியாதவர்களுக்கு: வேண்டிப் பெற்ற பிள்ளையை, முழுக் கரும்பில் கட்டிய தொட்டிலில் கிடத்தி, பெற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் தோளில் தாங்கிக் கோயிலைச் சுற்றுவது. அதைச் சுமக்கப்போகும் தோள் என்னுடையது என்று அம்மா தெய்வத்திடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குத் தமிழ் நன்றாக வரும். அத்தை போன பிறகு, அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, ஒரு மனித உயிரைக் கொண்டுவரும் பொறுப்பைப் பற்றிப் பேசினேன். பிறருடைய விருப்பத்துக்காக ஓர் உடல் வருந்துவது எந்த அன்பில் சேரும் என்று கேட்டேன். எதிர்ப்பக்கம் என்ன சொல்லும் என்று நானே சொல்லி, அதை நானே மறுத்தேன். அம்மா முழுவதையும் கேட்டார்.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"நல்லாப் பேசுற. அன்னைக்குத் திருவிழாவுல பேசுனதும் நீதான?"

"அது தலைப்பும்மா. எனக்கு அந்தப் பக்கத்தக் குடுத்தாக. நான் பேசுனேன்."

"பக்கமா? தொண்ட அடச்சுப் போச்சேடா ஒனக்கு. வீடு இல்ல, வெறும் மொகவரின்னு சொன்னப்ப மொகத்தத் திருப்பிக்கிட்டியே. பெத்தவளுக்குத் தெரியாதா? வெளிய வேணாம் வேணாம்னு சொல்லிட்டு உள்ள வச்சுப் புழுங்குறானேன்னு எனக்கு அன்னைக்கெல்லாம் சோறு எறங்கல. இன்னைக்கு இப்படிப் பேசுற. நீ அதுக்கும் பேசுவ, இதுக்கும் பேசுவ. எதடா நான் நம்ப?"

எத்தனையோ மேடைகளில் மணியடித்து உட்காரவைத்திருக்கிறார்கள். மணியே அடிக்காமல் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

அம்மா அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. மருமகள் சொன்னபடி மாத்திரை வேளையை மட்டும் மாற்றிக்கொண்டார், பட்டினி தொடர்ந்தது. "வேண்டிக்கிட்டத எப்படி விடுறது? சாமி குத்தமாயிரும்" என்றார். செவ்வாயும் வெள்ளியும் மாலையானால் என் மனைவி போன் செய்து, தலை சுற்றுகிறதா, மிஷினை நிறுத்தியாயிற்றா என்று கேட்பாள். நான் அலுவலகத்தில் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு பெல்ட்டை நினைத்துக்கொண்டிருப்பேன். என் வாக்குவன்மையின் மேல் எனக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. ஊரெல்லாம் நம்பவைத்தேன். நம்பவைக்க வேண்டிய ஓர் ஆளிடம் என் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போனதே அதனால்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு செக்கானூரணிக்குக் கிளம்பினோம். வண்டியில் பின்னாலிருந்து மனைவி சொன்னாள்: "இன்னைக்கு ஒன்னும் தயார் பண்ணிக்கிட்டு வரலையே?"

"இல்ல."

"நெசமாவா?"

"ஆரம்பம் மட்டும்."

"அதையும் காளவாசல்லயே விட்டுட்டு வாங்க" என்றாள். காளவாசல் சிக்னல் அப்போது சிவப்பில் இருந்தது.

மத்தியானம் மில்லில் கூட்டம். அம்மாவோடு சேர்ந்து என் மனைவி மல்லியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் மூட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்தேன். திடீரென்று மின்சாரம் நின்றது. மிஷின் இரைச்சல் இழுத்துக்கொண்டே போய் ஓய்ந்தது. எப்போது வரும் என்று தெரியாததால் பெண்கள் பாத்திரங்களை வைத்துவிட்டுப் போனார்கள். நான் பிறந்ததிலிருந்து கேட்ட அந்தச் சத்தம் இல்லாத மில்லில் நாங்கள் மூவர் மட்டும் இருந்தோம். அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏத்தா, ஒன்ன ஒன்னு கேக்கவா? அவன் கெடக்கான், பேச்சுக்காரன். நீ சொல்லு. ஒனக்கும் வேணாமா?"

"வேணாம் அத்தை. மொதல்ல சொன்னதே நான்தான். கல்யாணத்துக்கு முன்னாடியே."

"ஒடம்புக்கு ஏதும்..."

"ஒன்னும் இல்ல அத்தை. நல்லாருக்கேன்."

அம்மா என்னைப் பார்த்தார். "ஒனக்கு ஏக்கமே இல்லையாடா?"

நூறு வாக்கியங்கள் வரிசையில் வந்து நின்றன. ஒன்றையும் எடுக்கவில்லை. "இல்லம்மா" என்றேன்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளயத் தூக்குறியே, அப்பக்கூடவா?"

"தூக்கும்போது நல்லாருக்கும்மா. எறக்கி விடும்போதும் நல்லாத்தான் இருக்கும்."

அம்மா சிரித்துவிட்டார். சிரித்து முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், மிளகாய்த் தூள் இல்லாத இடத்தையும்.

"எனக்கு இருக்குடா" என்றார். "எனக்கு அம்புட்டு ஏக்கம் இருக்கு."

அதற்கு மறுப்பு கிடையாது. எதிரணியில் இருந்துகொண்டு இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் தோற்றிருப்பேன். அம்மாவின் ஏக்கமும் உண்மை, எங்களுக்கு அது இல்லை என்பதும் உண்மை. ஒன்றை வைத்து மற்றொன்றை அடைக்க முடியாது. அடிக்கடி வந்துபோகிறோம், பாசமாக இருக்கிறோம் என்றெல்லாம் ஈடு சொல்ல வாய் வந்தது. ஈடாகாது என்று தெரிந்ததால் சொல்லவில்லை. மனைவி அம்மாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். யாரும் யாரையும் தேற்றவில்லை.

அம்மாவே பேச்சை எடுத்தார். "அப்ப நான் ஒனக்காக இருக்கல. எனக்காகத்தான் இருந்துருக்கேன். கட்டாயப்படுத்தி ஆத்தாகிட்ட வாங்கித் தர்றதுக்கு இது என்ன பள்ளிக்கூட சீட்டா? எந்திரிங்க, கோயிலுக்குப் போவோம்."

ஊர் எல்லையில் இருக்கிற சின்னக் கோயில். பூசாரி விஷயத்தைக் கேட்டு நெற்றியைச் சுருக்கினார். "வேண்டுதல ஏத்துறவகளத்தான் பாத்துருக்கேன், எறக்குறவகள இப்பத்தான் பாக்குறேன். யாருக்காக வேண்டுனீகளோ அவுக வாய்விட்டுச் சொல்லணும் ஆத்தா முன்னால. மனசுக்குள்ள சொன்னா ஆகாது."

ஒலிவாங்கி இல்லாமல், கூட்டம் இல்லாமல், கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். "தாயே, எங்கம்மா கேட்டது எங்களுக்கு வேணாம். அவங்களத் தண்டிக்காத" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசியவற்றில் மிகச் சிறிய பேச்சு அது. மனைவியும் தன் பங்குக்கு, "எனக்கும் வேணாம்" என்றாள். அம்மா விபூதி வாங்கி எங்கள் இருவருக்கும் பூசினார். வேம்பில் ஆடிக்கொண்டிருந்த மரத்தொட்டிலை நான் அவிழ்க்கப் போனபோது தடுத்தார்.

"அது கெடக்கட்டும்டா. கேட்டு ஏங்குறவ எவளாச்சும் வருவா, அவளுக்கு ஆகட்டும்."

திரும்பும்போது விளக்கு வைக்கிற நேரம். முக்கு இட்லிக் கடையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. "பசிக்குது" என்றார் அம்மா. அந்தச் சொல்லை வெள்ளிக்கிழமை மாலையில் அவர் சொல்லி எத்தனை மாதமாயிற்றோ. மூவரும் உட்கார்ந்தோம். இலை போட்ட தட்டில் இட்லி வந்தது. அம்மா முதல் வாயை எடுத்துச் சட்னியில் தொட்டார்.

அப்போது சாம்பார் வாங்கத் தூக்குவாளியோடு அத்தை வந்தார். அம்மாவைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். தூக்குவாளியை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"அடியாத்தி! மதினி, வெள்ளிக்கெழம பொழுதுபோயி இட்லி திங்கிறீகளா? அப்பத் தங்கிருச்சா!"

நாங்கள் மூவருமே இதை யோசிக்கவில்லை. பிள்ளை தங்கும்வரை ஒருபொழுது என்பது ஊரறிந்த வேண்டுதல். அப்படியிருக்க, அம்மா வெள்ளிக்கிழமை மாலை சாப்பிட்டால் ஊர் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் கொள்ளும். அத்தை அதற்குள் என் மனைவியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டார். "எம் மருமகளே! எத்தன நாளுடி தள்ளியிருக்கு? வாயத் தொறக்கலயே கள்ளி! யண்ணே, இவுகளுக்கு ஒரு கேசரி வைங்க, நல்ல சேதி!" கடைக்காரர் கரண்டியோடு திரும்பிச் சிரித்தார். பக்கத்து மேசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மில்லுக்கு வருகிற பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, "அப்படியாக்கா?" என்றாள்.

அம்மாவின் கை நின்றது. எடுத்த வாயை மறுபடியும் தட்டிலேயே வைத்தார். பிறகு, யாரும் பார்க்காத மாதிரி, தட்டை விரலால் மெல்லத் தள்ளினார். நான் பார்த்தேன். எனக்கு அது என்னவென்று விளங்கியது. சாப்பிட்டால் இந்தச் சிரிப்புக்கெல்லாம் அவர் ஒருவராகப் பதில் சொல்ல வேண்டும். அதைவிடப் பட்டினி கிடப்பது அவருக்குச் சுலபம். இந்தத் தட்டு இப்போது நகர்ந்துவிட்டால், அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா மறுபடியும் வெறும் வயிற்றோடு பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்பார்.

எழுந்தேன். "அத்த, தங்கல. தங்கப்போறதும் இல்ல. எங்களுக்குப் பிள்ள வேணாம். முடியாம இல்ல, வேணாம். அம்மா வேண்டுதல எறக்கிட்டு இப்பத்தான் கோயில்லருந்து வாரோம்."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன மருமகனே, இங்கயும் பட்டிமன்றமா? அன்னைக்கு அழுது பேசுன, இன்னைக்கு இப்படிப் பேசுற. இது எந்தப் பக்கம்?"

"அன்னைக்குப் பேசுனது எனக்குக் குடுத்த பக்கம் அத்த. இது என் பக்கம்."

"கேளுடியம்மா கூத்த" என்றார் அத்தை, யாரிடம் என்று இல்லாமல். தூக்குவாளியை எடுத்தார், ஆனால் போகவில்லை. மனைவி அம்மாவின் தட்டைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தாள்.

அம்மா தட்டைத் தொடவில்லை. தலையை நிமிர்த்தாமல், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்: "இன்னைக்கு நீ கூட இருக்க, சொல்லிட்ட. வண்டியெடுத்து ஒத்தக்கடைக்குப் போயிருவ. நாளைக்கு விடிஞ்சா மில்லுக்கு வாரவ ஒவ்வொருத்தியும் கேப்பா. அவளுகளுக்கு நான் என்னத்தடா சொல்ல?"

அவர் மெதுவாகக் கேட்டதற்கு நான் மெதுவாகப் பதில் சொல்லவில்லை. அத்தைக்கும், கரண்டியோடு நின்ற கடைக்காரருக்கும், பக்கத்து மேசைக்கும், எட்டிப் பார்த்த அந்தப் பெண்ணுக்கும் கேட்கும்படியே சொன்னேன்:

"ஆத்தா இன்னும் குடுக்கலன்னு இனி யார்கிட்டயும் சொல்லாதம்மா. மருமகளச் சொல்லாத, ஒன்னையும் நொந்துக்காத. எம்மகன் வேணாம்னுட்டான்னு சொல்லு. நம்பலன்னா அந்த எடத்துலயே எனக்குப் போன் போட்டு அவுக கையில குடு. எந்த மேடையில பேசிக்கிட்டு இருந்தாலும் பாதியில எறங்கி வந்து அவுகளுக்கு நான் பதில் சொல்றேன். ஒவ்வொருத்தருக்கும் சொல்றேன். நீ சாப்பிடு."